லீவு விட்டாச்சா?

வடகிழக்குப் பருவமழைக் காலத்து இரவு ஒன்பது மணி. பண்ருட்டி முதல் பரங்கிப்பேட்டை வரை வீட்டுக்கு வீடு ஒரே கேள்வி: லீவு விட்டாச்சா? முடிவெடுக்க வேண்டியவர் மாவட்ட ஆட்சியர். ஆனால் அவர் முடிவு பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றித்தான் வீடு வந்து சேர்கிறது. முத்திரையும் பச்சை மைக் கையெழுத்தும் கொண்ட ஒரு தாளைப் படமெடுத்து யாரோ போடுகிறார்கள். இன்றைய தாளா, போன வருஷத்துத் தாளா? தேதி இருக்கும் மூலை வெட்டுப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் நம்பிப் புத்தகப் பையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அரைமணி கழித்து "அது பழசாம்" என்று இன்னொரு சேதி.

ஓர் அரசு இணையதளத்தை எடைபோட இதைவிட நல்ல இடம் கிடையாது. தகவல் மிகச் சிறியது: "கனமழை காரணமாகக் கடலூர் மாவட்டத்தில் பள்ளிகளுக்கு நாளை விடுமுறை." ஏழே சொற்கள். கணினிக் கணக்கில் 175 பைட். அதையே தாளில் அச்சிட்டு, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து, பிடிஎஃப் கோப்பாக ஏற்றினால் சாதாரணமாக 2 மெகாபைட் ஆகிவிடும். பதினோராயிரம் மடங்குக்கும் மேல். இத்தனை வீங்கியும் சேதி ஒரு சொல்கூடக் கூடவில்லை, குறைந்திருக்கிறது. பார்வையற்றவரின் போனுக்கு அதை வாசிக்கத் தெரியாது. தேடுபொறிக்கு அதற்குள் என்ன இருக்கிறதென்று எளிதில் தெரியாது. சிக்னல் அரைகுறையாக இருக்கும் ஊரில் அது திறக்கவே திறக்காது.

அணுக எளிதாக இருப்பது, நல்ல வடிவமைப்பு, நம்பகம் ஆகிய மூன்றையும் மூன்று தனிக் குணங்களாகப் பட்டியல் போடுவது வழக்கம். மாற்றுத்திறனாளிகளுக்காக ஒன்று, அழகுக்காக ஒன்று, பொறியாளர்களின் கவலையாக ஒன்று என்று வேலையையும் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். என் கட்சி வேறு. மூன்றுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான்: எழுத்தை எழுத்தாகவே வைத்திருப்பது. அதைக் காட்டக் கடலூர் மாவட்டம் தோதான இடம். புயலும் வெள்ளமும் இந்தக் கரைக்குப் பழகியவை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஸ்ரீமுஷ்ணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் புயல். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தது. பலாவும் முந்திரியும் சாய்ந்ததைப் பண்ருட்டிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். மின்கம்பங்களும் சேர்ந்தே சாய்ந்தன, பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. மின்சாரம் போனால் செல்போன் கோபுரம் பேட்டரியில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், பிறகு ஓய்ந்துவிடும். எஞ்சி நிற்கும் கோபுரங்களின் மேல் எல்லோரும் ஒரே நேரத்தில் விழுவார்கள். அந்த நேரம் ஒருவர் பங்குக்கு நொடிக்கு 100 கிலோபிட் வேகம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கணக்குப் போடலாம். 2 மெகாபைட் என்பது 16,000 கிலோபிட். வந்து சேர 160 நொடி, அதுவும் நடுவில் அறுந்துபோகாமல் இருந்தால். வெறும் எழுத்தாலான 50 கிலோபைட் பக்கம் 4 நொடியில் வந்துவிடும். முகப்பில் ஆடி அசையும் பெரிய படங்களும் திறப்புவிழாக் காட்சிகளும் ஐந்தாறு மெகாபைட்டை விழுங்கும் தளம், வெயில் நாளில் மட்டும் வேலை செய்யும் தளம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அடுத்து டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அணை திருவண்ணாமலை மாவட்டத்தில், நடுவில் கள்ளக்குறிச்சியும் விழுப்புரமும், தண்ணீர் கடைசியாக வந்து நிற்பது கடலூரில். தென்பெண்ணைக் கரையில் குடியிருப்பவருக்கு அப்போது தேவைப்பட்டவை இரண்டே எண்கள்: எத்தனை கனஅடி, எத்தனை மணிக்கு. ஆறு மூன்று மாவட்ட எல்லைகளைச் சிரமமில்லாமல் தாண்டிவிடும். தகவல் மூன்று அலுவலகங்களைத் தாண்ட வேண்டுமானால் அது எண்ணாகப் பயணிக்க வேண்டும். பட்டியலின் புகைப்படத்திலிருந்து எந்த மென்பொருளும் எண்ணைச் சட்டென்று உருவி அடுத்த மாவட்டத்தின் பக்கத்தில் போட்டுவிட முடியாது.

எழுத்து எழுத்தாக இருக்கிறது என்றால் கணினிக்கு உள்ளே என்ன இருக்கிறது? எண்கள். யூனிகோட் என்ற உலகப் பொதுத் தரம் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. தமிழுக்கான இடம் 2944 முதல் 3071 வரை. 'க' என்றால் 2965. 'கடலூர்' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ஆறு எண்கள், ஏனென்றால் ஊகாரக் குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண். 'சிதம்பரம்' நமக்கு ஆறு, அதற்கு ஒன்பது. ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் சேமிப்பில் 27. விண்ணப்பப் படிவத்தில் "30 எழுத்துக்கு மிகாமல்" என்று எழுதிவிட்டு உள்ளே பைட்டை எண்ணும் நிரல் இருந்தால், பத்து எண்களுக்கு மேல் அதில் இடமில்லை. மீனாட்சிசுந்தரம் என்று பேர் வைத்தவர் பாதிப் பேரோடு சான்றிதழ் வாங்குவார்.

யூனிகோட் பரவுவதற்கு முன்பு நம் அலுவலகங்கள் வேறு வழியில் போயின. ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் எழுத்து வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்கள் அவை. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வானவில் ஔவையார், இலங்கையில் பாமினி. பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். வேடம் கலையாத வரை கூத்து நன்றாகவே நடந்தது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேடம் கலைந்து குப்பை தெரியும். 2010 ஜூனில், கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. ஆனால் அரசாணை போட்ட மறுநாளே எல்லா மேசைகளிலும் பழக்கம் மாறிவிடுமா? பழைய எழுத்துருவில் தட்டச்சாகிப் பிடிஎஃப்பாக மாறிய ஆவணங்களை இன்றும் பார்க்கலாம். அவற்றிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். வந்து விழுவது தமிழாக இருக்காது.

பார்வையற்ற ஒருவரின் போன் அந்த ஆவணத்தைப் படிக்கும்போது கேட்பதும் அதே குப்பைதான். போனில் டாக்பேக், கணினியில் என்விடிஏ போன்ற ஸ்கிரீன் ரீடர்கள் திரையைப் பார்ப்பதில்லை, எண்களைப் படிக்கின்றன. என்விடிஏயை 2006இல் தொடங்கியவர் மைக்கேல் கரன், பிறகு அவரோடு சேர்ந்தவர் ஜேம்ஸ் டே. இருவரும் பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள். விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் எட்டாத நிலையில் இலவசமாகத் தருவதற்காகவே அதை எழுதினார்கள். தமிழும் பேசும். ஒரு நிபந்தனை உண்டு: இந்தப் பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலின் தொடக்கத்தில் ஒரு சிறு குறிப்பு இருக்க வேண்டும். ஆங்கிலம் என்று குறித்துவிட்டுத் தமிழில் எழுதினால் ஆங்கிலக் குரல் தடுமாறும், அல்லது மௌனமாகத் தாண்டிப் போய்விடும். அந்தக் குறிப்பைச் சேர்க்க ஆகும் செலவு சில நொடி.

அந்தப் பயனர் பக்கத்தை மேலிருந்து கீழே முழுக்கக் கேட்பதில்லை. நாம் கண்ணால் மேய்வதைப் போல அவர் தலைப்புகளைத் தாவித் தாவிக் கேட்கிறார், அல்லது இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்கிறார். தலைப்பு என்பது வெறுமனே பெரிதாக்கி அடர்த்தியாக்கிய வரி என்றால் தாவ இடமில்லை. இணைப்பு ஒவ்வொன்றும் "இங்கே சொடுக்கவும்" என்றால் அவர் காதில் விழுவது இங்கே, இங்கே, இங்கே. எந்த இங்கே?

இனி ஸ்ரீமுஷ்ணம். பூவராகர் கோயில் ஊர், காட்டுமன்னார்கோயில் வட்டத்திலிருந்து பிரிந்து இப்போது தனி வட்டம். இந்த ஊர்ப்பேரின் முதலெழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். 'ஸ' என்ற 3000ஆம் எண்ணில் தொடங்குவது பழைய முறை. 2005இல் யூனிகோட் 'ஶ' என்ற எழுத்தை 2998ஆம் இடத்தில் சேர்த்தது. அதில் தொடங்குவது புதிய முறை. பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும், எந்தக் கண்ணாலும் பிரித்துச் சொல்ல முடியாது. கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு ஊர். தரவுத்தளத்தில் ஒரு முறையிலும் உங்கள் போன் விசைப்பலகை இன்னொரு முறையிலும் எழுதினால், தேடலுக்குப் பதில் "தகவல் இல்லை".

காட்டுமன்னார்கோயிலிலும் இதன் தம்பி ஒன்று உண்டு. 'கோ'வில் இருக்கும் ஓகாரக் குறியை 3019 என்ற ஒற்றை எண்ணாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்த்து 3015, 3006 என்று இரண்டாகவும் எழுதலாம். இதற்கு யூனிகோடே மருந்து வைத்திருக்கிறது: இரண்டும் ஒன்றே என்று அறிவித்து, ஒரே வடிவத்துக்கு மாற்றும் விதியையும் கொடுத்திருக்கிறது. நிரலாளர் ஒரு வரி சேர்த்தால் போதும். ஸ்ரீக்கு அந்த விதி உதவாது. இங்கே இப்படி ஓர் ஊர் இருக்கிறது என்று தெரிந்தவர்தான் கையால் அதைச் சேர்க்க வேண்டும். டெல்லியிலோ பெங்களூருவிலோ உட்கார்ந்து எழுதுபவருக்கு அது தோன்றாது. பட்டா, சிட்டா பார்க்கும் அரசுத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் என்று பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்திருப்பது இந்தத் தொல்லையை நேர்த்தியாகத் தாண்டுகிறது. தட்டச்சே இல்லையென்றால் எழுத்துப்பிழையும் இல்லை. ஆனால் வட்டம் பிரிந்தது தெரியாத பெரியவர் தன் கிராமத்தைப் பழைய வட்டத்திலேயே தேடிக்கொண்டிருப்பார். "இக்கிராமம் இப்போது ஸ்ரீமுஷ்ணம் வட்டத்தில் உள்ளது" என்று ஒரு வரி அங்கே தோன்றினால் அதைத்தான் நான் நல்ல வடிவமைப்பு என்பேன்.

நிறத்துக்கும் கணக்கு உண்டு. உலகளாவிய அணுகல் நெறிமுறை 1999இல் முதலில் வந்தது, அண்மைப் பதிப்பு 2023 அக்டோபரில். அதன்படி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி விகிதம் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும். வெள்ளையின் ஒளிர்வு 1, கறுப்பின் ஒளிர்வு 0. இரண்டோடும் 0.05 கூட்டிக்கொண்டு வகுத்தால் 1.05க்கு 0.05, அதாவது 21. கூட்டிய அந்த 0.05 அறையில் இருக்கும் வெளிச்சம் திரையில் பட்டுத் தெறிப்பதற்கு. பளிச்சென்ற சிவப்பின் ஒளிர்வு 0.2126, வெள்ளைமேல் அதன் விகிதம் 4.0 கூட முழுசாக வரவில்லை, தேர்வில் தோற்றுவிடுகிறது. நம் அரசுத் தளங்களின் செல்ல நிறம் எது என்று சொல்ல வேண்டுமா? அவசரச் செய்தியெல்லாம் சிவப்பில், அதுவும் ஓடிக்கொண்டே. ஐந்து நொடிக்கு மேல் தானாக ஓடும் எதையும் நிறுத்த ஒரு பொத்தான் வேண்டும் என்பதும் அதே நெறிமுறையில் இருக்கிறது.

இது பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான சலுகை என்று நினைப்பவர், நண்பகலில் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் போனை எடுத்துப் பார்க்கலாம். வெயில் தெறிப்பு 0.05 இல்லை, 0.5 என்று வைத்துக்கொள்வோம். கறுப்பு எழுத்தின் விகிதம் 21இலிருந்து 3க்கு இறங்கும். சிவப்பு 2.1. மஞ்சளைப் பற்றிப் பேச்சே வேண்டாம், நிழலிலேயே அதற்கு 1.07தான். நல்ல கண் உள்ள இருபது வயதுக்காரரும் அந்த வெயிலில் கொஞ்ச நேரத்துக்குப் பார்வைக் குறைபாடு உள்ளவர்தான்.

சட்டம் இங்கே வந்து சேர்ந்த வழி நீளம். சிட்னி ஒலிம்பிக் தளத்தைத் தன்னால் பயன்படுத்த முடியவில்லை என்று புரூஸ் மகுவையர் என்ற பார்வையற்றவர் வழக்குப் போட்டார். சரிசெய்ய ஓராண்டு உழைப்பும் 20 லட்சம் டாலருக்கு மேல் செலவும் ஆகும் என்றது அமைப்புக் குழு. ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம் அதை ஏற்கவில்லை. 2000 ஆகஸ்டில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது, பிறகு இழப்பீடு 20,000 டாலர். இந்தியாவில் அரசுத் தளங்களுக்கான நெறிமுறைகள் 2009இல் வந்தன, மூன்றாம் பதிப்பு 2023இல். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளோ பரிந்துரைத் தொனியிலேயே நின்றுவிட்டன. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றில் 15ஆம் விதி சட்டத்துக்கே முரணானது என்று சொல்லி, கட்டாய விதிகளை வகுக்க மூன்று மாதம் கெடு கொடுத்தது. 2025 ஏப்ரல் 30இல் இன்னொரு தீர்ப்பு. அமில வீச்சுக்கு ஆளானவர்களை வங்கிச் சரிபார்ப்புக்காகக் கண் சிமிட்டச் சொல்லும் கேமராவைப் பற்றிய வழக்கு அது. டிஜிட்டல் அணுகலும் வாழும் உரிமையின் பகுதி என்றது நீதிமன்றம். கண்ணிமையே இல்லாதவரிடம் சிமிட்டச் சொல்லும் நிரலை எழுதியவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. சோதித்துப் பார்க்கும்போது அப்படி ஒருவர் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

கடலூர் மாவட்டத் தளம் தேசியத் தகவலியல் மையத்தின் எஸ்3வாஸ் என்ற பொது அச்சில் ஆனது, நாட்டின் மற்ற பல மாவட்டங்களைப் போலவே. தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கவும் நிறத்தை மாற்றவும் மேலேயே பொத்தான்கள் உண்டு. கோப்புகளுக்குப் பக்கத்தில் தேதியும் அளவும் போட்டிருப்பது எனக்குப் பிடித்த விஷயம். பொது அச்சின் லாபம் பெரிது: ஓரிடத்தில் ஓட்டையை அடைத்தால் எல்லா மாவட்டத்திலும் அடைபடும். ஆனால் அச்சு எவ்வளவு சுத்தமானாலும் அதில் வார்ப்பது ஸ்கேன் கோப்பு என்றால் பொத்தான்கள் அலங்காரம்தான். படத்தின் எழுத்தை எந்தப் பொத்தானும் பெரிதாக்காது.

அடுத்து இ-சேவை மையத்தில் தினமும் கேட்கும் வாக்கியம்: "சர்வர் வரலைங்க ஐயா, மதியத்துக்கு மேல வாங்க." சர்வர் அங்கேயேதான் இருக்கிறது, வரிசையில் மாட்டியிருக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலைபார்த்த எர்லாங் என்ற டேனிஷ் கணிதர் 1909இல் தொடங்கிவைத்த வரிசைக் கோட்பாடு இதை விளக்குகிறது. அதன் மிக எளிய வடிவத்தில், ஒரு வேலையை முடிக்க 0.2 நொடி ஆகும் கணினி பாதி நேரம் மட்டும் வேலையில் இருந்தால், காத்திருப்பும் சேர்த்து 0.4 நொடியில் பதில் வரும். 90 சதவீதம் வேலையில் இருந்தால் 2 நொடி. 99 சதவீதம் என்றால் 20 நொடி. கூட்டம் பத்து சதவீதம் கூடினால் தாமதமும் பத்து சதவீதம் கூடும் என்று நம் உள்மனம் போடும் கணக்கு இங்கே செல்லாது. கடைசிப் படிகளில் அது செங்குத்தாக ஏறுகிறது. அதோடு, பொறுமையிழந்து ஒரே பொத்தானை நான்கு முறை அமுக்குகிறவர் நான்கு பேராக வரிசையில் நிற்கிறார்.

சம்பா நெற்பயிர்க் காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளாக நவம்பர் 15தான் கடைசி நாள் என்று அறிவிப்பார்கள், சில ஆண்டுகளில் நீட்டிப்பார்கள். சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல் எல்லாம் கையில் சேர்ந்து டெல்டாவின் விவசாயிகள் மையத்துக்கு வருவது கடைசி வாரத்தில்தான். அதே வாரத்தில்தான் மழையும். வீராணம் ஏரிப் பாசனத்தில் நடவு தள்ளிப்போனால் அடங்கல் வாங்குவதும் தள்ளிப்போகும், ஆகவே இது சோம்பேறித்தனம் என்று முடிவுகட்ட முடியாது. நெரிசல் எந்த நாளில் வரும் என்று இவ்வளவு துல்லியமாக முன்கூட்டியே தெரிந்த வேலை உலகத்தில் அதிகம் இல்லை. அமெரிக்காவும் இதில் சறுக்கியது. 2013 அக்டோபர் 1 அன்று திறந்த அதன் மருத்துவக் காப்பீட்டுத் தளத்தில் முதல்நாள் பதிவை முடிக்க முடிந்தவர்கள் ஆறே பேர்.

இன்னொரு கணக்கும் உண்டு, அதைக் குறைவாகவே பேசுகிறோம். ஒரு விண்ணப்பம் முடிய அந்தத் தளம் ஓட வேண்டும், ஓடிபி வர வேண்டும், ஆதார் சரிபார்ப்பு நடக்க வேண்டும், பணம் கட்டும் வழி திறந்திருக்க வேண்டும். நான்கும் தனித்தனியே 99 சதவீதம் நம்பகமானவை என்று வைத்துக்கொண்டால், நான்கும் ஒன்றாக ஓடும் வாய்ப்பு 96 சதவீதம். ஆண்டில் 14 நாளுக்குச் சமமான நேரம் எங்கோ ஒன்று அறுந்திருக்கும். நான்கு துறைகளும் தங்கள் அறிக்கையில் 99 என்றே எழுதும், யாரும் பொய் சொல்லவில்லை. பேரிடர் நாளில் முதலில் அறுவது ஓடிபிதான். ஆகவே வெறுமனே பார்க்க வேண்டிய தகவலுக்கு ஓடிபி கேட்பது வீண் சங்கிலி. நிரப்பிய படிவம் நடுவில் அறுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடர வழி இருப்பது அவசியம். இருபது கட்டங்களை மறுபடி நிரப்பச் சொல்வது பயனரைத் தண்டிப்பது. அடையாளப் படத்தில் நெளிந்து கிடக்கும் எழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்யச் சொல்வதும் அந்த வகைதான். 2021 மே மாதம், கொரோனா தடுப்பூசிக்குப் பதிவு செய்யும் கோவின் தளத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்விகளில், பார்வையற்றவர்கள் இதை எப்படித் தாண்டுவார்கள் என்பதும் ஒன்று.

தேதியில்லாத எண்ணையும் நான் பழுதான எண் என்றே கணக்கில் வைப்பேன். வீராணத்தின் முழு மட்டம் 47.5 அடி. "நீர்மட்டம் 46 அடி" என்று ஒரு பக்கம் சொன்னால், இன்று காலையா, சென்ற வாரமா? ஏரிக்கரையில் குடியிருப்பவருக்கு இரண்டும் வேறு வேறு இரவுகள்.

சோதிக்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம். 1993இல் நீல்சனும் லாண்டவரும் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு பயனர் சராசரியாகத் தளத்தின் குறைகளில் 31 சதவீதத்தைத் தட்டுத் தடுமாறியே கண்டுபிடித்துவிடுவார். ஐந்து பேர் உட்கார்ந்தால் சுமார் 85 சதவீதம் வெளியே வந்துவிடும். அந்த ஐந்து பேர் யார் என்பதில்தான் விஷயம். துறை அலுவலகத்தில் புது மடிக்கணினியோடு இருக்கும் ஐந்து பேர் ஒரே குறையைத்தான் ஐந்து முறை பார்ப்பார்கள். டாக்பேக்கில் கேட்டு வேலைபார்க்கும் ஒருவர், கண்ணாடியை மறந்துவிட்டு வந்த பெரியவர் ஒருவர், விரிசல் விழுந்த பழைய போனோடு பிச்சாவரத்துப் படகோட்டி, ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு விவசாயி, ஐந்தாவதாக இ-சேவை மையத்தின் ஆபரேட்டர். தளத்தின் ஒவ்வொரு நொண்டிக் காலையும் மனப்பாடமாகத் தெரிந்தவர் அவர்தான். எந்தக் கட்டத்தில் எதைக் காலியாக விட வேண்டும், எந்தப் பொத்தானை இரண்டு முறை அமுக்கக் கூடாது என்று பக்கத்து மையத்துக்குப் போனில் சொல்லிக்கொடுப்பவரும் அவர்தான். நிரல் எழுதுபவர் அவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், அதுவும் நவம்பர் 15க்குப் பிறகு இல்லை, ஆடிப்பெருக்குக்கு முன்பே.